சோப்புச் சந்தகை

எங்கள் வீட்டில் எந்தச் சோப்பும் இயற்கையாகச் செத்ததில்லை. தேய்ந்து, மெலிந்து, தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற நிலைக்கு வந்த பிறகும் அதற்கு இன்னும் இரண்டு மூன்று பிறவிகள் பாக்கி இருக்கும்.

முதல் மறுபிறவி அப்பாவின் கையில். பழைய சோப்பின் வில்லையைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரத்தோடு வைத்து அழுத்தி ஒட்டிவிடுவார். பச்சைச் சோப்பின்மேல் சிவப்பு வில்லை குரங்குக்குட்டிபோலக் கவ்விக்கொண்டு இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள், யாராவது முகத்தில் நுரையோடு கண்ணை மூடியிருக்கும் நேரம் பார்த்துக் கழன்று விழுந்து, சாக்கடை ஓட்டையை நோக்கி வழுக்கிக்கொண்டு ஓடும். அப்பாவும் பின்னாலேயே ஓடுவார். பம்பு கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர், இடுப்பில் துண்டோடு மண்டியிட்டு, ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, பெரிய பதவிக்காரர்களைப் பார்த்து எனக்கு இன்றுவரை பயம் வந்ததில்லை.

இரண்டாம் மறுபிறவி அம்மாவின் கையில். ஜோடி தொலைந்துபோன என் பள்ளிக்கூட சாக்ஸுக்குள் வில்லைகளைப் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, கொல்லைப்புறக் குழாயில் தொங்கவிட்டுவிடுவாள். கை கழுவ வருகிறவர்கள் அந்தச் சாக்ஸைப் பிடித்துக் கசக்க வேண்டும். முதன்முறை வரும் விருந்தாளிகள் ஒரு கணம் தயங்குவார்கள். யாருடைய காலில் இருந்தது என்ற கேள்வி அவர்கள் முகத்தில் ஓடும்.

இந்த இரண்டுக்கும் லாயக்கில்லாத பொடிசுகள் பழைய ஊறுகாய் ஜாடிக்குப் போகும். அவற்றை உபயோகிக்கவும் அம்மாவுக்கு வழி தெரியவில்லை, எறியவும் மனசு வரவில்லை. சில உறவுக்காரர்கள் விஷயத்திலும் அவளுக்கு இதே நிலைமைதான்.

இதையெல்லாம் கேலி செய்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இன்று என் வீட்டில் சோப்பு என்பது அழுத்தினால் துப்புகிற பாட்டிலில் இருக்கிறது. அது காலியான பிறகு நான் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் பத்து நாள் ஓட்டுகிறேன். பத்தாவது நாள் அதிலிருந்து வருவது வெறும் நம்பிக்கை மட்டும்தான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்த ஊறுகாய் ஜாடியால் என் அத்தையின் கல்யாணம் நின்றுபோக இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டாள். மூன்று வருஷமாக அவளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் அவளை என்னென்னவோ கேட்பார்கள். சமைக்கத் தெரியுமா, டைப்படிப்பதை விட்டுவிடச் சம்மதமா, காலில் அது என்ன தழும்பு. அவள் பதில் சொல்வாள். அவள் யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. தட்டை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், போகச் சொன்னதும் உள்ளே போவாள்.

கடைசியாக வந்தவர்கள் காரமடைக்காரர்கள். ஜாதகம் பொருந்தி, எல்லாம் பொருந்தி, அப்பா மண்டபம் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சபை நடுவே "சக்கரை பத்தல" என்று டம்ளரை நகர்த்தி வைத்தான். மறுநாள் காலை அத்தை இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

"சக்கரைக்காவ ஒரு சம்பந்தத்த உடுவாங்களா? ஊருல கேட்டா சிரிக்க மாட்டாங்க?" என்று அம்மாவிடம் கத்தினார். அத்தைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அம்மாவிடம் கத்துவது அவர் வழக்கம். "அடுத்து ஒண்ணு வருது. அதுவுந் தட்டிப்போச்சுன்னா, இனி நா எவன் ஊட்டுப் படியும் ஏற மாட்டேன். ஆமா, சொல்லிப்போட்டேன்."

எங்களோடு இருந்த இன்னொரு ஆள் மாமா, அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கடைசல் மிஷினில் போட்டுக் கடைந்தால் உலகத்தில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பும் கோயமுத்தூர்க்காரர்களில் ஒருவர். ஒரு நாள் அவர் கண் அந்த ஊறுகாய் ஜாடியின்மேல் விழுந்தது.

"அக்கா, இதய எதுக்குக்கா வெச்சிருக்கற?"

"எதுக்காச்சும் ஆகும்."

'எதுக்காச்சும் ஆகும்' என்ற சொல்லை மாமா அறைகூவலாக எடுத்துக்கொண்டார். சில நாள் முன்புதான் ஒரு சோப்புக் கம்பெனியின் மிஷின் ஒன்று பழுது பார்க்க அவர்கள் பட்டறைக்கு வந்திருந்தது. "அங்கயும் நம்ம சந்தகையாட்டத்தான் புழியறாங்க கண்ணு. நூலு நூலா வருது. அதயப் போட்டு அமுக்குனா சோப்பு. இதுல என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்குது?"

சந்தகை எங்கள் பக்கத்துப் பலகாரம். புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லிபோல வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மிஷினில் போட்டுப் பிழிந்தால் நூல் நூலாக இறங்கும். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடலாம், எலுமிச்சை பிழிந்து தாளித்தும் சாப்பிடலாம். மிஷின் என்பது மூன்று கால் வைத்த இரும்பு. நடுவில் ஒரு குழல், குழலின் அடியில் ஊசி ஊசியாக ஓட்டை போட்ட தட்டு, உச்சியில் திருகுகிற கைப்பிடி. எங்கள் வீட்டு மிஷின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. நகையைக்கூட இரவல் கொடுப்பாள், அதைக் கொடுக்க மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் அத்தையும் நல்ல சம்பந்தம் அமைய வேண்டி அவிநாசிக் கோயிலுக்குப் போனார்கள். எனக்கு ஏதோ பள்ளி விடுமுறை. மாமா பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு மிஷினைப் பரணிலிருந்து இறக்கினார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். உருப்படியான எந்தக் காரியத்திலும் என்னைச் சேர்த்துக்கொள்ளாத குடும்பத்தில் முதன்முறையாக ஒருவர் என் கையில் தட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் மறைத்திருப்பேன்.

காலையிலேயே ஊறப்போட்டிருந்த பொடிசுகள் மெத்தென்று உப்பியிருந்தன. மாமா அவற்றைக் குழலில் அடைத்துக் கைப்பிடியைத் திருகினார். முதலில் மிஷின் முனகியது. பிறகு இறங்கியது பாருங்கள், சிவப்பும் பச்சையும் சந்தன நிறமும் இழையிழையாகப் பின்னிக்கொண்டு, அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. இழைகளைப் பிசைந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளையத்தில் அமுக்கி எடுத்ததும் பன் அளவுக்கு ஒரு வட்டச் சோப்பு கிடைத்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிற்பாடு தன் முதல் குழந்தையைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

பிறகு மிஷினைக் கழுவினோம். இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கோயமுத்தூரில் தண்ணீர் இரண்டு சாதி. ஒன்று நல்ல தண்ணி, சிறுவாணி. உலகத்திலேயே ருசியில் இரண்டாவது என்று சொல்லிக்கொள்வோம். முதலாவது எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது என்பது எங்கள் அடக்கம். அது வாரத்துக்கு ஒருமுறை குழாயில் எட்டிப்பார்க்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, உப்புத் தண்ணி. அதில் சோப்புப் போட்டால் நுரை வராது, திரிந்த பால்போல ஏதோ மிதக்கும்.

மாமா உப்புத் தண்ணியை வாளி வாளியாக ஊற்றினார். தேங்காய் நாரால் தேய்த்தார். பிறகு ஓட்டைத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அறிவித்தார்: "நொரை வந்தா சோப்பு இருக்குதுன்னு அர்த்தம். நொரை இல்ல. அப்ப சோப்பும் இல்ல."

எனக்கு இது அசைக்க முடியாத நியாயமாகப் பட்டது. கடின நீரில் சோப்பு நுரை தராது என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு வரி வரும். அது எனக்கு ஆறாம் வகுப்பில்தான் வர இருந்தது. மாமாவுக்கு வந்து போயிருந்தது.

மிஷினைத் துடைத்துப் பரணில் ஏற்றி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அம்மாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தில் ஒரே பரபரப்பு. கோயிலில் ஒரு உறவுக்காரரைப் பார்த்தார்களாம். தாராபுரத்தில் பம்புசெட் கடை வைத்திருக்கும் பையன் வீட்டார் நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருகிறார்களாம்.

"காத்தால பலகாரத்துக்கு வந்துருவாங்க. எல்லா ஊட்டுலயும் கேசரியும் பஜ்ஜியுந் தின்னு சலிச்சுப் போயிருப்பாங்க. நாம சந்தகை புழிஞ்சுபோடலாம்" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். நுரை வரவில்லை என்று இருவரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தானாக முன்வந்து, "மிசினு நா களுவித் தாரேன்க்கா" என்றார். பிறந்ததிலிருந்து ஒரு டம்ளரைக்கூடக் கழுவியிராத தம்பியை அம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். ஆனால் அன்றைக்குச் சந்தேகப்பட நேரமில்லை. மாமா மறுபடியும் உப்புத் தண்ணியையே ஊற்றினார். நல்ல தண்ணி அம்மாவின் காவலில் இருந்தது. மறுபடியும் நுரை வரவில்லை. எங்கள் நிம்மதி இரட்டிப்பாயிற்று.

அம்மா அன்றைக்கு நல்ல தண்ணியைத் தாராளமாகச் செலவழித்தாள். அரிசி ஊறியது அதில், ஆட்டியது அதில், வேகவைத்ததும் அதில். ஆவி பறக்கும் மாவுக்கட்டிகளைக் குழலில் போட்டாள். மாமா திருகினார். முதல் ஈடு வெள்ளை வெளேரென்று, பட்டுநூல்போலப் பளபளப்பாக இறங்கியது. கூடவே ஒரு வாசமும் இறங்கியது.

மாமாவின் கை அப்படியே நின்றது. அரிசி மாவில் சந்தன வாசம் வராது. ரோஜா வாசமும் வராது. சிறுவாணியில் வெந்த மாவு, எங்கள் இரண்டு வாளி உப்புத் தண்ணியால் முடியாத வேலையைச் செய்து, ஊசி ஓட்டைகளில் காய்ந்து ஒளிந்திருந்ததை எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

அம்மாவுக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தோம். அடுப்பில் ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பால் சூடாகிக்கொண்டிருந்தது. அந்தக் காலையில் எந்த வாசத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. "மொத ஈடு என்னமா வந்துருக்குது பாரு. இது மாப்பளைக்கு" என்று விளிம்பில் பூப்போட்ட வட்டிலில் எடுத்துத் தனியாக வைத்தாள்.

அடுத்தடுத்த ஈடுகளில் வாசம் இல்லை. வந்த பாவம் எல்லாம் முதல் வட்டிலிலேயே இறங்கிவிட்டது.

வாசலில் கார் நின்றது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். மாமா என் காதருகே குனிந்தார். "கண்ணு, அந்த வட்டலத் தட்டியுட்ரு. நீ எப்பவும் பண்றதுதான்."

உண்மைதான். அந்த வருஷம் மட்டும் நான் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு பீங்கான் கிண்ணம், ஒரு சாமி படம் ஆகியவற்றைக் கீழே போட்டிருந்தேன். எல்லாம் தற்செயல். வேண்டுமென்றே போட வேண்டிய முதல் சந்தர்ப்பம் இது. கையை நீட்டினேன். தேங்காய்ப்பாலை எடுக்கத் திரும்பி வந்த அம்மா என் புறங்கையில் ஒன்று போட்டாள்.

"ஊட்டுல இருக்கறதையெல்லாங் கீழ போடறவளே, நீ இன்னிக்கு ஒண்ணையுந் தொட வேண்டாம். அக்கட்டால போ."

வட்டிலை எனக்கு எட்டாதபடி மேடையின் உள்பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். வாழ்நாளில் சேர்த்த கெட்ட பெயர் வேண்டிய சமயத்தில் உதவவில்லை. மாமாவுக்கு அக்காவிடம் போய் உண்மையைச் சொல்கிற துணிச்சல் இல்லை. ஆறடி உயரமுள்ள மனிதர், கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

நான் அத்தையின் அறைக்கு ஓடினேன். பட்டுச்சேலையில், புதிதாக யாரோபோல உட்கார்ந்திருந்தாள்.

"அத்தெ, பூப்போட்ட வட்டல்ல சோப்பு இருக்குதுங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அத்தை என்னைத் திட்டவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து, மேடைமேல் இருந்த அந்த வட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டாள். அவள் கண் இரண்டும் இறுக மூடித் திறந்தன. நான் காத்திருந்தேன். இப்போது இதைக் குப்பையில் கொட்டிவிட்டு வேறு வைப்பாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவள் திரைச்சீலை இடுக்கு வழியாகக் கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரி. நீ மூச்சு உடாத" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. பெரியவர்களிடம் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு. கூடத்தின் கதவோரம் போய் நின்று நிம்மதியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். அத்தை தட்டங்களோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு வட்டில் வைத்தாள். மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்று வைத்தாள். மாப்பிள்ளையின் முன்னால் பூப்போட்ட வட்டிலை வைத்தாள்.

மறந்துவிட்டாளா? மாற்றி எடுத்துவிட்டாளா? அப்பாவின் சத்தியம் ஞாபகம் வந்தது. இனி அவர் எவர் வீட்டுப் படியும் ஏற மாட்டார். அத்தை கிழவியாகும் வரை டைப்படித்துக்கொண்டிருப்பாள். அதற்குக் காரணம் யார் என்று ஊரே என்னைக் கைகாட்டும்.

மாப்பிள்ளை ஒல்லியாக, கொஞ்சம் பெரிய காதுகளோடு இருந்தார். முதல் பிடியை வாயில் வைத்தார். தாடை நின்றது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயிலிருந்து எந்த நேரமும் ஒரு குமிழி வெளிவரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பார்த்தார். எப்போதும் தரையையே பார்த்து நிற்கும் அத்தை அன்றைக்கு நிமிர்ந்து நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்ன கண்ணு, நல்லாருக்குதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நல்லாருக்குதுங்ம்மா."

இரண்டாவது பிடி உள்ளே போனது.

"உன்ற வட்டல்ல இருக்கறது மணமாத்தான் இருக்குது. இக்கட்டால தள்ளு, ஒரு வாய் எடுத்துப் பாக்கறேன்."

மாப்பிள்ளை சட்டென்று வட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் வெச்சிருக்காங்களேங்ம்மா. இது எனக்கே பத்தாதுங்."

அக்கா வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாருங்கத்தெ! கலியாணம் ஆவுறதுக்கு முன்னாடியே அம்மாளுக்குப் பங்கில்லைன்னு போட்டாரு மாப்ளெ!"

கூடமே சிரித்தது. அம்மாவின் முகம் பூரித்துப்போயிற்று. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுப்பாடம் எழுதுகிறவர்போல, ஒரு இழை மிச்சம் வைக்காமல் முடிக்கப் பார்த்தார். அம்மா இன்னொரு ஈடு கொண்டுவர எழுந்ததும், "போதுமுங்க, போதுமுங்க" என்றார். சபையில் சொல்கிற வேகத்தைவிட அது கொஞ்சம் அதிகம். பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"சிறுவாணிங்க" என்றார் அப்பா, அணையைத் தானே கட்டியதுபோல. "ஒரு தடவ குடிச்சா உடமாட்டீங்க."

"எங்க அமராவதி மட்டும் எளப்பமுங்களா?" என்று அக்கா வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். இருவரும் தண்ணீர்ச் சண்டையில் இறங்க, மாப்பிள்ளை கை கழுவ எழுந்தார்.

அம்மா என் கையில் செம்பைக் கொடுத்துப் பின்னால் அனுப்பினாள். கை கழுவவும் சிறுவாணி. அவ்வளவு மரியாதையை எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பெற்றதில்லை. குழாயில் தொங்கும் சாக்ஸைக்கூட அன்று அவிழ்த்து மறைத்துவிட்டு, பிரிக்காத புதுச் சோப்பு ஒன்றை வைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. கையை நீட்டினார், நான் ஊற்றினேன். அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டார். விரலிடுக்கில் மெல்ல நுரை எழும்பியது.

இருவரும் அதையே பார்த்தோம்.

"அம்மணி, இந்தத் தண்ணியில என்னமாச்சும் போட்டிருக்குதா?"

"இல்லீங்க. சிறுவாணிங்க."

"அப்ப இது?"

நான் அழுதுவிட்டேன். மாமா, ஊறுகாய் ஜாடி, சந்தகை மிஷின், உப்புத் தண்ணி எல்லாம் விக்கலோடு வெளியே வந்தன. அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், கடைக்காரர் அல்லவா, "ஓட்டைத் தட்டக் களட்டித் திருப்பி வெச்சுக் களுவோணும். முன்னால இருந்து தண்ணி உட்டா எப்படிப் போவும்?" என்று ஒரு யோசனையும் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க அத்தைக்கு இது தெரியுமா?"

எனக்கு இதன் ஆபத்து புரிந்தது. தெரியாது என்று சொன்னால் அத்தை தப்பிப்பாள், பழி எனக்கும் மாமாவுக்கும். தெரியும் என்று சொன்னால் தெரிந்தே சோப்பை வைத்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? பொய்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். வாயைத் திறந்தேன். அதுவரை நான் கீழே போடாதது ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது, அத்தையின் ரகசியம். அதையும் போட்டேன்.

"தெரியுங்க. அவீக தின்னு பாத்துப்போட்டுத்தான் உங்களுக்குக் கொண்டாந்து வெச்சாங்க."

அவர் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் இரண்டும் குலுங்கின. சோப்பு வயிற்றில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் செம்பைக் கீழே வைத்தேன். திரும்பியபோது அவர் கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நா கேட்டேன்னு உங்கத்தைகிட்ட மட்டுஞ் சொல்லு. வேற ஆருகிட்டயும் மூச்சுக் காட்டீராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கிளம்பும்போது, "ஊருக்குப் போயிச் சொல்லியனுப்பறோமுங்க" என்பார்கள். மூன்று வருஷமாக அப்பா அந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு, அது வருகிற நேரம் வந்தாலே தோளில் இருக்கும் துண்டை முறுக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கும் முறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னுங்க பண்றது, ஊருக்குப் போயிச் சொல்றோம்னு சொல்லத்தான் வந்தோம். இவன் இங்கயே சொல்லிப்போடச் சொல்றான். எங்களுக்குச் சம்மதமுங்க. பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

அப்பா உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டே இருப்பதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர், சம்பந்தியம்மாள் நின்றுகொண்டிருக்கும்போது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முறுக்கிய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷம் முதுகில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்டதுபோல இருந்தது அந்த உட்கார்வு. அம்மா யாரோ மிச்சம் வைத்த காப்பியை எடுத்து மடக்கென்று குடித்தாள். மாமா கதவின் பின்னாலிருந்து வெளியே வந்து, தன்னைத்தான் பெண் பார்க்க வந்ததுபோல எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அத்தையைக் கேட்கப் போன அம்மா, "அம்மணி செரின்னுட்டா!" என்று கூவிக்கொண்டே திரும்பி வந்தாள்.

கார் கிளம்பிப்போனதும் அத்தை என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கை களுவறபோது உங்கிட்ட என்ன கேட்டாரு?"

"உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாருங்க."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அடி விழப்போகிறது என்று கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் இரண்டும் குலுங்கின. திரும்பியபோது கண்மையெல்லாம் கரைந்திருந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். சோப்பைத் தின்ற இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு வந்திருக்கிறது, தின்னாத யாருக்கும் வரவில்லை. மாமாவின் மாணவி அல்லவா நான், எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சமையலறைக்குப் போனேன். கழுவப் போட்டிருந்த வட்டில்களுக்கு நடுவே பூப்போட்டதைத் தேடி எடுத்தேன். விளிம்பில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

கசந்தது. கதவோரம் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவே இல்லை.